பதினைந்தாயிரம் மீட்டர்

வைஃபை அட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வீடு இருக்கிறது. அதைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்த வீடு. ஒரு கூடம், இரண்டு படுக்கையறை, சுவரோரம் ரவுட்டர், சோபாவில் சாய்ந்தபடி லேப்டாப்போடு ஒருவர். பேசிக்கொள்ளும் இரு கருவிகளுக்கும் நடுவே நூறு மீட்டருக்கு மேல் இராது என்ற நம்பிக்கை அந்த அட்டையின் கால அளவுகளிலேயே பதிந்திருக்கிறது. உழவர்கரையில் நான் குடியிருக்கும் தெருவுக்கு அந்த நம்பிக்கை தாராளம். ரெட்டியார்பாளையம் தொடங்கி மூலக்குளம் தாண்டியும் வயல்கள் மனைகளாகி, மனைகள் மாடிகளாகிவிட்டன. பக்கத்து வீட்டு ரவுட்டர் எங்கள் வீட்டுப் பின்கட்டில் எங்களுடையதைவிட நன்றாக எடுக்கிறது. தேனி மாவட்டத்துக்கு அது போதவில்லை. அந்தக் கதைக்குப் போகும் முன் இங்கே ஒரு லேப்டாப்புக்கு வைஃபை வரவழைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பெண்ணுக்குக் கைமாறி வந்த பழைய லேப்டாப் அது. அதிலிருந்த விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். பென் டிரைவில் என்னிடம் இருந்தது டெபியன் 11. திரை வந்தது, ஒலி வந்தது, டச்பேட்கூட ஒழுங்காக வேலை செய்தது. வைஃபை மட்டும் இல்லை. சிக்னல் குறைவு என்றால் ஒரு கோடாவது தெரியும். இங்கே அந்தக் குறியையே காணோம்.

லினக்ஸிடம் எனக்குப் பிடித்த குணம், அது எதையும் மறைக்காது. அதன் கருவான கெர்னல் தான் செய்ததையும் செய்ய முடியாமல் போனதையும் வரிவரியாக எழுதிவைக்கும். படிக்க ஒரு கட்டளை இருக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரு வரி: வைஃபை சிப்பைக் கண்டுகொண்டேன், அதற்குரிய டிரைவரை ஏற்றினேன், அந்த டிரைவர் கேட்கும் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை, பிழை மைனஸ் 2. யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் எண் அது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பொருள்.

டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு. டிரைவர் என்பது லேப்டாப்பின் பிராசஸரில் ஓடும் நிரல். லினக்ஸோடு வரும் டிரைவரை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். ஃபர்ம்வேர் வைஃபை சிப்புக்குள்ளேயே ஓடுவது. அந்தச் சிப்பும் ஒரு குட்டிக் கணினிதான். பல சிப்புகளில் மின்சாரம் போனால் அதன் நினைவு வெறுமையாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறை லேப்டாப்பைத் திறக்கும்போதும் டிரைவர் அந்தக் கோப்பை எடுத்துச் சிப்புக்குள் ஊற்ற வேண்டும். பெரும்பாலும் அது சிப் கம்பெனி தரும் மூடிய கோப்பு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வெளியாள் பார்க்க வழியில்லை. பார்க்க முடியாததை எங்கள் வட்டில் வைக்கமாட்டோம் என்று டெபியன்காரர்கள் பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார்கள். வேண்டுமென்பவர்கள் இணையத்திலிருந்து தனியாக இறக்கிக்கொள்ளலாம்.

இணையத்திலிருந்து! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதேதான். கேபிள் செருகும் இடம் உள்ள லேப்டாப் என்றால் ரவுட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்திருக்கலாம். இதில் அந்த வழி இல்லை. அந்தப் பெண்ணின் ஃபோனைச் சார்ஜர் ஒயரால் இணைத்து, அதில் டெதரிங்கைப் போட்டதும் லேப்டாப்புக்கு இணையம் வந்தது. ஃபோனைக் கம்பிவழி வந்த நெட்வொர்க் அட்டை என்று எடுத்துக்கொள்வதில் லினக்ஸுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

கோப்பு வந்து உட்கார்ந்தது. டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றினேன். இப்போது குறி வந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில். ரேடியோவை யார் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேறொரு கட்டளை உண்டு. மென்பொருள் தடை: இல்லை. வன்பொருள் தடை: உண்டு. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால் முன் விளிம்பில், விரல் நகத்தால் தள்ளும் அளவில், ஒரு சின்ன சுவிட்ச்.

“அது எதுக்குன்னே தெரியாது மாமா. டார்ச் லைட்டுன்னு நெனச்சேன்.”

தள்ளியதும் தெருவே திரையில் வரிசைகட்டியது. குழந்தை பெயரில் ஒரு ரவுட்டர், கேபிள்காரர் பெயரில் நான்கைந்து, எஞ்சியவை கம்பெனி வைத்த பெயரிலேயே. அந்தப் பெண்ணின் வீட்டு ரவுட்டர் மட்டும் பட்டியலில் இல்லை. ஃபோனில் அது பளிச்சென்று தெரிகிறது.

அந்த ரவுட்டர் 13-ஆம் சானலில் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப் தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. லினக்ஸிடம் உலக நாடுகளின் அலைவரிசைச் சட்டங்கள் ஒரு சிறு தரவுத்தளமாக இருக்கின்றன. நாட்டுக்கு இரண்டெழுத்து, எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்று கீழே நாலைந்து வரி. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சானல்வரை போகலாம். அமெரிக்கக் கணக்கில் 11-ஓடு நின்றுவிடும். தொழிற்சாலையிலேயே அமெரிக்கா என்று முத்திரை குத்தி அனுப்பிய அட்டை இது. நான் இந்தியா என்று மாற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டது, ஆனால் இரண்டு நாட்டுச் சட்டத்திலும் எது கண்டிப்போ அதையே பிடித்துக்கொண்டது. ரவுட்டரை 6-ஆம் சானலுக்கு மாற்றினேன், முடிந்தது வேலை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் புதுச்சேரியின் இரண்டெழுத்து பிரான்ஸின் எஃப்ஆர் ஆக இருந்திருக்கவும் கூடும் என்ற நினைப்பு அப்போது எழாமல் இல்லை. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்ததால் ஐஎன்.

அந்த ஐஎன் என்ற இரண்டெழுத்துக்குக் கீழே இருக்கும் நாலைந்து வரிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. வானொலிப் பெட்டி வைத்திருக்கத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலத்தைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் கீழ், காற்று முழுக்க அரசாங்கத்துடையதாக இருந்தது. கேட்கவே அனுமதி வேண்டும் என்றால் பேசுவதற்குச் சொல்ல வேண்டியதில்லை.

உழவர்கரையைத் தாண்டி, அரும்பார்த்தபுரம் கடந்து போனால் வில்லியனூர். 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு நடுவத்தை வைத்து, சுற்றுவட்டாரக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில், வீராம்பட்டினத்தில், அந்தக் கீழூரிலும். தொலைபேசிக் கம்பி சரியாகப் போகாத ஊர்களுக்கு விஎச்எஃப் ரேடியோ வழியாகக் குரலையும் கணினித் தரவையும் அனுப்பினார்கள். மின்வெட்டுக்குச் சூரியத் தகடுகள். கம்பியில்லா வலைப்பின்னல் என்ற ஒன்று நம் பக்கத்து ஊர்களுக்கு இப்படித்தான் வந்தது, வைஃபை என்ற பெயரே புழக்கத்துக்கு வராத நாளில். அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் வெளியாகும் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்ப, அங்கே ஒலிபெருக்கியில் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்கள். ஒரு வல்லரசின் போர்க்கப்பல்களுக்கான கணக்கு, கட்டுமரக்காரருக்கு இன்று கடலுக்குப் போகலாமா என்ற முடிவாக இறங்கியது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்ததும், மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரைக் காலி செய்ததும் பலர் அறிந்தது. எனக்கு அதிலும் பெரிதாகப் படுவது அதற்கு முந்தைய அன்றாடம். தினமும் அலை உயரம் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி என்பதால்தான் அன்றைக்கும் மக்கள் அதை நம்பி ஓடினார்கள்.

ஆனால் விஎச்எஃப் என்றால் கருவியும் விலை, அனுமதியும் டில்லியில். ஆர்வமுள்ள நாலு பேர் சேர்ந்து அடுத்த ஊருக்கு ஓர் இணைப்பைப் போட்டுவிட முடியாது. 2005 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில், ஒரு வாட் சக்திக்குள், லைசென்ஸ் இல்லாமல் யாரும் கருவி இயக்கலாம். ஆண்டெனா, அனுமதி பெற்ற கட்டடத்தின் கூரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். அரசாங்க மொழியில் இதைவிட உலர்ந்த வாக்கியங்கள் உண்டா தெரியாது. ஆனாலும் காற்றில் ஒரு துண்டு பொதுவழியானது அந்த வாக்கியங்களால்தான். அலை திறந்துவிட்டது. கருவி திறந்ததா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் தேனியில் கிடைத்தது.

அரவிந்த் கண் மருத்துவமனையைப் புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டாம். கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் இருக்கிறது. 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, ஸ்ரீ அரவிந்தரின் பெயரையே அதற்கு வைத்தார். அவர்களுடைய தேனி மருத்துவமனையின் கவலை எளியது. கண்ணில் உறுத்தல் என்று ஒருவர் போடியிலிருந்தோ சின்னமனூரிலிருந்தோ கிளம்பி வந்தால் பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் போகும். அதனாலேயே பலர் வருவதில்லை. ஊருக்கு ஊர் சிறு பார்வை மையம் வைத்து, பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைச் சோதித்து, டாக்டர் தேனியில் இருந்தபடியே வீடியோவில் நோயாளியோடு பேசினால்? அதற்கு வேண்டிய வேகத்தில் இணைப்பு 2004, 2005-இல் அந்த ஊர்களில் இல்லை.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையிலான டையர் என்ற ஆய்வுக் குழு அரவிந்தோடு சேர்ந்தது. அவர்கள் எடுத்த கருவி கடையில் விற்கும் சாதாரண வைஃபை அட்டை, லினக்ஸ் ஓடும் சிறு கணினிப் பலகை, ஒரே திசையில் குவிக்கும் ஆண்டெனா. உயரமான கோபுரமும், நடுவில் மலையோ மரமோ மறைக்காத நேர்க்கோடும் இருந்தால் பத்து, பதினைந்து கிலோமீட்டர்கூட அலை போய்ச் சேரும். அலை சேர்ந்தது. பேச்சு சேரவில்லை.

ஏன் என்பதை நிதானமாகப் பார்க்கலாம், இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். வைஃபையில் ஒவ்வொரு தரவுத் துண்டும் ஒப்புகைச் சீட்டோடு போகும் பதிவுத் தபால். சீட்டு திரும்பி வந்தால்தான் அடுத்தது. குறித்த நேரத்துக்குள் வரவில்லை என்றால் தபால் தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி அதையே மறுபடி அனுப்பும். அந்தக் குறித்த நேரம் சில பத்து மைக்ரோவிநாடி. கூடத்துக்குள் அது ஏராளம். ஒரு மைக்ரோவிநாடியில் அலை 300 மீட்டர் போய்விடும். ஆனால் பதினைந்து கிலோமீட்டரைப் போய்த் திரும்ப அலைக்கே நூறு மைக்ரோவிநாடி ஆகும். சீட்டு வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பியவர் பொறுமையிழந்து அதே துண்டை மறுபடி அனுப்புகிறார். அந்த முனையில் இருப்பவருக்கோ வந்தது முன்பே வந்ததுதான்.

இன்னொன்றும் உண்டு. பேசுமுன் யாரும் பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்பது வைஃபையின் ஒழுக்கம். ஒரே வீட்டில் அது நல்ல ஒழுக்கம். பதினைந்து கிலோமீட்டரில், அந்த முனை பேசத் தொடங்கியது இந்த முனைக்குத் தெரிய ஐம்பது மைக்ரோவிநாடி. அதற்குள் இவரும் தொடங்கிவிடுவார். இரண்டும் மோதும். இருவரும் நாகரிகமானவர்கள்தான், ஆனால் அந்த நாகரிகம் வேறு தூரத்துக்கு வகுத்தது.

இதில் யாரும் தவறு செய்யவில்லை. அட்டை தன்னைச் செய்தவர்களின் வீட்டுக்கு விசுவாசமாக இருந்தது, அவ்வளவே. கேள்வி என்னவென்றால், காத்திருக்கும் நேரத்துக்கான அந்த எண்ணை மாற்ற யாருக்கு வழி இருக்கிறது? அன்றைக்கு ஏதிராஸ் கம்பெனியின் சிப்புகளுக்கு மேட்வைஃபை என்றொரு லினக்ஸ் டிரைவர் இருந்தது, மூலநிரலோடு. அதனுடன் வந்த ஒரு சிறு கருவியில் தூரத்தை மீட்டரில் தட்டச்சு செய்யலாம். 15000 என்று அடித்தால் அட்டை அதற்கேற்பப் பொறுமை காக்கும். அந்த ஓர் எண்ணுக்காகவே அந்த டிரைவரை எழுதியவர்களைக் கும்பிடலாம் என்று எனக்குத் தோன்றும். பெர்க்லி குழு அதோடு நிற்கவில்லை. கான்பூர் ஐஐடியில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் கங்கைச் சமவெளி வைஃபை இணைப்புகளில் முன்பே காட்டிய வழியில், காதுகொடுத்துக் கேட்கும் ஒழுக்கத்தையே எடுத்துவிட்டு, இன்ன நேரம் உனக்கு, இன்ன நேரம் எனக்கு என்று முறைவைத்துப் பேச வைத்தார்கள். துண்டுக்கொரு ஒப்புகை என்பதை மாற்றி, ஒரு கட்டுக்கு ஒரே ஒப்புகை ஆக்கினார்கள். 2007-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை, சாதாரண வைஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடுதல் வேகம் கிடைத்ததாகச் சொல்கிறது. அதே ஆண்டு வெனிசுவேலாவில் எர்மான்னோ பியேத்ரோசெமோலி என்ற பேராசிரியர் இரு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பை எட்டிப் பிடித்தபோது அதில் ஓடியதும் இந்தக் குழுவின் மென்பொருள்தான். சாதனை என்று பார்த்தால் அது பெரிது. போடியில் ஒரு பாட்டி திரையில் தெரியும் டாக்டரிடம் எந்தக் கண் வலிக்கிறது என்று சொன்னதே எனக்குப் பெரிது.

நடத்திக்காட்டுவது ஒன்று, நிலைத்து ஓடவைப்பது இன்னொன்று. மின்சாரம் ஏறி இறங்கியதில் பலகைகள் கருகின, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்று மெமரி கார்டுகள் கெட்டன. தேனியில் இருந்த ஊழியர்களே மெல்ல மெல்லக் கோபுரம் ஏறி, பெட்டியைத் திறந்து, கார்டு மாற்றப் பழகிக்கொண்டார்கள். வழக்கமான ஆய்வேடுகள் தொடாத இந்தப் பகுதியை அதே குழு 2008-இல் தனிக் கட்டுரையாகவே எழுதியது. அவர்கள்மேல் எனக்கு மதிப்பு கூடியது அதைப் படித்த பிறகுதான்.

மேட்வைஃபை முழுக்கத் திறந்த டிரைவர் என்று சொல்லிவிட்டுப் போனால் அது பொய். அதன் நடுவில் ஒரு பகுதி மூடியே இருந்தது. சிப்போடு நேரடியாகப் பேசும் அடுக்கு அது. கம்பெனி சொன்ன காரணம் சட்டம்: இதைத் திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் தடைசெய்த அலைவரிசையில் அளவுமீறிய சக்தியில் ஒலிபரப்புவார்கள். முழுக்கத் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு திறந்த இயங்குதளத்தின் குழுவில் ரைக் ஃப்ளோட்டர் என்ற ஜெர்மானியர் அந்த அடுக்கு சிப்போடு என்ன பேசுகிறது என்பதை ஆராய்ந்து, திறந்த மாற்றை எழுதினார். அதிலிருந்து லினக்ஸுக்கு ஒரு டிரைவர் பிறந்தது. 2008-இல் ஏதிராஸ் தானே இறங்கிவந்து, புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டு, பழைய மூடிய அடுக்கின் மூலநிரலையும் தந்துவிட்டது. காற்றில் எந்தக் குழப்பமும் நேரவில்லை.

பிராட்காம் சிப்புகளின் கதை இன்னும் சுவையானது. மூலநிரலும் இல்லை, ஆவணமும் இல்லை. ஆர்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று வெறும் விவரமாக எழுதியது. மறு குழு மூடிய டிரைவரைக் கண்ணாலும் பார்க்காமல், அந்த விவரத்தை மட்டும் படித்துப் புதிதாக நிரல் எழுதியது. நகலெடுத்தார்கள் என்று நாளை யாரும் வழக்குப் போட முடியாதபடி நடுவில் ஒரு சுவர். 2006-இல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. கம்பெனி தன் பங்குக்குத் திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட 2010 ஆயிற்று. சம்பளமில்லாத சிலர் செய்த இந்த வேலையைப் பற்றி ஏனோ நம் ஊர்க் கணினிப் பாடங்களில் ஒரு வரிகூட வருவதில்லை. விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் உள்ள கட்டற்ற மென்பொருள் குழுக்களில்தான் மாணவர்கள் இதை முதன்முறையாகக் கேள்விப்படுகிறார்கள்.

டிரைவர் சண்டை இப்படி ஏறக்குறைய வென்றாகிவிட்டது. மூடுமந்திரம் ஓர் அடுக்கு கீழே, ஃபர்ம்வேருக்குள் இறங்கிக்கொண்டது. 2022 அக்டோபரில் டெபியன் குழுவினர் வாக்கெடுப்பு நடத்தி, மூடிய ஃபர்ம்வேரையும் நிறுவும் வட்டிலேயே வைப்பது என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நடைமுறை. கொள்கை விட்டுக்கொடுக்கப்பட்டது என்று வருந்தியவர்கள் உண்டு. என் கட்சி டெபியனுடையது. வைஃபையே வராத லேப்டாப்பைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு மாணவியிடம் சுதந்திரத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அவள் அன்றைக்கே விண்டோஸுக்குத் திரும்பிவிடுவாள், அதில் எல்லாமே மூடியது.

ஆனால் வருந்தியவர்கள் எதற்காக வருந்தினார்கள் என்பதையும் அந்த லேப்டாப்பிலேயே பார்த்தேன். மேட்வைஃபை காலத்து அந்தத் தூரக் கட்டளை இன்றைய லினக்ஸில் எல்லா அட்டைக்கும் பொதுவான ஒரே கட்டளையாகிவிட்டது. வெறும் ஆசைக்குத்தான், 15000 என்று அடித்துப் பார்த்தேன். பிழை மைனஸ் 95. இந்தச் செயல் ஆதரிக்கப்படவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை இந்த அட்டையில் ஃபர்ம்வேரே முடிவு செய்கிறது, அதன் மூலநிரல் நம்மிடம் இல்லை. டிரைவரின் ஒவ்வொரு வரியும் என் முன்னால் திறந்து கிடக்கிறது, மாற்ற வேண்டிய எண் அதில் இல்லை. ரெட்டியார்பாளையத்தில் பாடம் படிக்க இந்த அட்டை போதும். 2005-இல் தேனிக்குக் கிடைத்தது இப்படியோர் அட்டையாக இருந்திருந்தால் பார்வை மையங்கள் வேறு வழி பார்த்திருக்க வேண்டும்.

ஃபர்ம்வேரும் திறந்த அட்டைகள் இல்லாமல் இல்லை. யூஎஸ்பியில் செருகும் ஒரு வகை ஏதிராஸ் சிப்புக்கு 2013-இல் ஃபர்ம்வேர் மூலநிரலையும் வெளியிட்டுவிட்டார்கள். அந்தச் சிப் உள்ள டாங்கிள் இப்போது சுலபத்தில் அகப்படாது. ஒரே பெயர், ஒரே அட்டைப்பெட்டி, முதல் பதிப்பில் அந்தச் சிப், அடுத்த பதிப்பில் வேறு. சென்னை ரிச்சி தெருவில் பெட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அதை வாங்கிப் போட்டா நெட்டு இதைவிட ஸ்பீடா வருமா மாமா?”

“வராதும்மா. இதைவிடக் கொஞ்சம் மெதுவாத்தான் வரும்.”

“அப்ப எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் காலை அவளுக்கு ரெக்கார்டு நோட்டு சமர்ப்பிக்க வேண்டியிருந்தது.